குரல் எந்தத் துறையில் நிற்கின்றது?

(மன்றத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தின்போது கட்டைபறிச்சானில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்து இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவிலே பேச வருவோர் திருமுறையின் பெருமையையோ நாயன்மார் சரிதத்தையோ எடுத்துக்கொள்வது வழக்கம். அவற்றைப் பேசுவதற்கு நம்மிலும் வல்லவர்கள் இந்தச் சபையிலே இருக்கின்றார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது, உள்ளங்கைக்குள் அடங்குவது. வட்ஸ்அப், வைபர், ஐமோ என்று வழங்கும் செயலிகள் வழியாகக் கைத்தொலைபேசியிலே பேச முயலும்போது பேச்சு வராமற் போவது ஏன், வராவிட்டால் எதனை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதே அது. இதற்கும் ஒரு மேடை வேண்டுமா என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் முகம் சுளிப்பது தெரிகிறது. நடந்த ஒன்றைச் சொல்கிறோம். கேட்டபின் அவரே சொல்லட்டும்.

நம் அயலிலே ஒரு வீடு. தாயார் குவைத்திலே வீட்டுப் பணி செய்கின்றார். மூத்த மகள் திருகோணமலையில் தங்கிப் படிக்கின்றாள். இளையவன் இங்கே அம்மம்மாவோடு இருக்கின்றான். வெள்ளிக்கிழமை தோறும் மாலை விளக்கு வைத்த பின்னர் தாயாரின் அழைப்பு வரும். ஒரு வெள்ளி வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. மூன்றாம் வெள்ளியும் அப்படியே கழிந்தது. ஆனால் மாதக் காசு மட்டும் வங்கிக்கு வந்து சேர்ந்தது. ஆகவே ஆள் நலமாகத்தான் இருக்கின்றார் என்று தெரிந்தது; தெரிந்ததனாலேயே கோபமும் வந்தது. "காசு அனுப்பினாப் போதும் எண்டு நினைச்சிட்டாள்" என்று அம்மம்மா சொன்னார். பையன் முதல் வாரம் அழுதான். மூன்றாம் வாரம் தாயைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டான். அயலவர் வாய்க்கோ சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

உண்மை என்னவென்றால், அந்தத் தாயாரின் தொலைபேசி தண்ணீரில் விழுந்து பழுதாகிவிட்டது. புதிய தொலைபேசியும் புதிய சிம்மும் எடுத்தார். மனப்பாடமாக இருந்தது வீட்டு எண் ஒன்றுதான். அந்த எண்ணுக்கு மீண்டும் மீண்டும் அழைத்தார். இங்கே மணி அடிக்கவில்லை. ஏனெனில், வீண் அழைப்புகள் வந்து அம்மம்மாவைத் தொந்தரவு செய்கின்றன என்று மூத்த மகள் நல்லெண்ணத்தோடு ஒரு பொத்தானைப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். அறியாத எண்களின் அழைப்பை மௌனமாக்கும் பொத்தான் அது. வட்ஸ்அப்பில் 2023ஆம் ஆண்டு வந்த வசதி. அறியாத எண்ணிலிருந்து வரும் செய்தி எதனையும் திறக்கக்கூடாது என்றும் தம்பிக்குச் சொல்லி வைத்திருந்தாள். பையன் அக்காவின் சொல்லைத் தவறவில்லை.

நாம் அந்தத் தொலைபேசியை வாங்கி அழைப்புப் பட்டியலைத் திறந்தபோது ஒரே எண்ணிலிருந்து இருபத்து மூன்று அழைப்புகள் சிவந்த அம்புக்குறியோடு வரிசையாகக் கிடந்தன. கீழே ஒன்பது குரற்செய்திகள். ஒன்றை அழுத்தினோம். "தம்பி, அம்மா கதைக்கிறன்" என்றது குரல். அம்மம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார்.

மூன்று வாரமும் அங்கே தாயார் என்ன நினைத்திருப்பார்? வீட்டிலே ஒருவரும் தம் அழைப்பை எடுக்கவில்லை என்றுதான் நினைத்திருப்பார். இரு பக்கத்திலும் குற்றமில்லை. இரு பக்கத்திலும் மனம் முறிந்தது. பெரியவரே, இதற்கு ஒரு மேடை வேண்டுமா, வேண்டாமா?

நம் பகுதியிலிருந்து கடல் கடந்து போனவர்கள் எத்தனை பேர் என்பதை உங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டின் போரிலே மூதூர் கிழக்கு மக்கள் சிதறியபோது உறவு ஓரிடம், ஊர் ஓரிடம் ஆயிற்று. பின்னர் பிழைப்பின் பொருட்டு வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் பலர். முன்னாளிலே கடிதம் வரும். அது வர இரண்டு வாரம். சிலர் ஒலிநாடாவிலே தம் குரலைப் பதிந்து, ஊருக்கு வருவோர் கையிலே கொடுத்தனுப்புவார்கள். வீட்டார் சுற்றி அமர்ந்து கேட்டுவிட்டு, அதே நாடாவின் மறுபக்கத்திலே தங்கள் பேச்சைப் பதிந்து திருப்பி அனுப்புவார்கள். இப்பொழுது அந்தத் தாமதமில்லை. வட்ஸ்அப் 2009இல் தோன்றியது. அதிலே குரல் அழைப்பு 2015இலும் முகம் பார்த்துப் பேசும் வசதி 2016 நவம்பரிலும் வந்தன. வைபர் 2010இலேயே வந்து, நம் நாட்டிலே முதலில் வீடு வீடாகப் புகுந்தது. தாமதம் போயிற்று, ஆனால் தாமதத்தைப் பொறுக்கும் மனமும் அதனோடு போயிற்று. கடிதம் இரண்டு வாரம் பிந்தினால் தபாலை நொந்தோம். அழைப்பு இரண்டு நாள் பிந்தினால் பெற்ற தாயை நோகின்றோம்.

சரி, பொருளுக்கு வருவோம். அழைப்பு எப்படிப் போகின்றது?

பெரியோர்கள் பழைய மூதூர் வீதியை நினைத்துக்கொள்ளுங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன் திருகோணமலைக்குத் தரைவழியே போவதென்றால் துறைக்குத் துறை இறங்கிப் பாதை ஏற வேண்டும். ஒரு துறையில் பாதை ஓடாவிட்டாலும் பயணம் அங்கேயே நின்றுவிடும். மூதூரிலே நின்ற ஒருவர் வந்து சேரவில்லை என்றால், அவர் புறப்படவில்லை என்றா முடிவு செய்தோம்? எந்தத் துறையிலே நிற்கின்றாரோ என்றுதானே கேட்டோம்! குரலும் அப்படியே. முதலாவது துறை நம் தொலைபேசி. இரண்டாவது, அங்கிருந்து கோபுரம் வரைக்குமோ வைபை பெட்டி வரைக்குமோ உள்ள வழி. மூன்றாவது, கடலடிக் கம்பிகளும் செயலியை நடத்தும் கம்பெனியின் பெரிய கணினிகளும். நான்காவது, மறுநாட்டின் சட்டம். ஐந்தாவது, மறுபக்கத்துத் தொலைபேசி. எந்தத் துறையில் நிற்கின்றது என்று அறியாமல் எதனையும் கழற்றிப் பூட்ட முற்படுவது, கிண்ணியாவில் பாதை பழுதாகியிருக்க மூதூரிலே நின்று வண்டியின் சக்கரத்தைக் கழற்றுவதற்கு ஒப்பானது.

"செய்தி போகிறதே, அழைப்பு மாத்திரம் ஏன் போகவில்லை?" என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. செய்தி பொறுமையுள்ளது. வழி இல்லாவிட்டால் காத்திருந்து, வழி திறந்ததும் போய்ச் சேரும். குரல் காத்திராது. நாம் பேசும் பேச்சை இந்த யந்திரம் மிகச் சிறு துண்டுகளாக, பெரும்பாலும் ஒரு விநாடிக்கு ஐம்பது துண்டுகளாக வெட்டி அனுப்புகின்றது. ஒவ்வொரு துண்டும் ஒரு விநாடியின் ஆறிலொரு பங்குக்குள்ளே மறுபக்கம் சேர்ந்தால் பேச்சு இயல்பாக இருக்கும். பிந்தி வந்த துண்டு பயனற்றது. அதனை எறிந்துவிட வேண்டியதுதான். அதனாலேயே குரல் வெட்டி வெட்டி வருகின்றது; தண்ணீருக்குள் இருந்து பேசுவது போலக் கேட்கின்றது. ஆகவே செய்தி போகும் வழி எல்லாம் பேச்சுப் போகும் வழியாகாது.

இனி, நிற்கும் துறையைக் கண்டுபிடிப்பது எப்படி? இதற்குப் பொறியியல் படிப்பு வேண்டாம். திரையில் தோன்றும் ஒரு சொல்லைப் பார்த்தாற் போதும். வட்ஸ்அப்பிலே அழைத்தவுடன் முதலில் "கோலிங்" என்று தோன்றும். அழைப்பு மறுபக்கத்துத் தொலைபேசியைத் தொட்டவுடன் அது "ரிங்கிங்" என்று மாறும். இந்த இரு சொல்லின் வேறுபாட்டை அறியாததனால் நம் ஊரிலே எத்தனை சண்டை! "கோலிங்" என்றே நின்றுவிட்டால் அவருடைய தொலைபேசிக்கு நம் அழைப்புப் போய்ச் சேரவேயில்லை. அவர் எடுக்காமல் இருக்கவில்லை. அவருடைய பற்றரி இறந்திருக்கலாம், இணைப்பு இல்லாதிருக்கலாம், நம் பக்கத்திலேயே இணைப்பு இல்லாதிருக்கலாம். "ரிங்கிங்" என்று மாறியும் எடுக்காவிட்டால் அவர் வேலையில் இருக்கலாம், தொலைபேசி வேறிடத்தில் இருக்கலாம், அல்லது நாம் முதலிற் சொன்ன மௌனப் பொத்தான் போல ஏதேனும் அங்கே இருக்கலாம். எடுத்த பின்னர் "கனெக்டிங்" என்றோ "ரீகனெக்டிங்" என்றோ நின்று, சத்தமே வராமல் அறுந்தால், குரல் போகும் வழி அடைபட்டிருக்கின்றது.

இன்னொரு சோதனை: அடுத்த வீட்டாரைக் கேளுங்கள். அவர்களுக்கும் போகவில்லை என்றால் உங்கள் தொலைபேசியிலே குற்றமில்லை. 2021 ஒக்ரோபர் 4ஆந் திகதி இரவு ஒன்பது மணி கடந்ததும் வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் உலகமெங்கும் ஒருங்கே நின்றன. ஏறத்தாழ ஆறு மணி நேரம் எழவில்லை. கம்பெனியின் உள்வழிகளைத் திருத்தப் போய் அவர்களே செய்த பிழை அது. அன்றிரவு நம் இளைஞர் பலர் தொலைபேசியை அணைத்து அணைத்து ஏற்றினார்கள். சிம்மைக் கழற்றிச் சேலையில் துடைத்தவர்களும் உண்டு. ஒருவர் செயலியையே அழித்துவிட்டார். அதன் விளைவைப் பின்பு சொல்கிறோம்.

முதலாவது துறையாகிய நம் தொலைபேசியைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். குற்றங்களிற் பெரும்பகுதி இங்கேதான் இருப்பதை நாம் கண்டிருக்கின்றோம்.

"அவையள் கதைக்கிறது எனக்குக் கேக்குது, நான் கதைக்கிறது அவையளுக்குக் கேக்குதில்லை" என்பது ஒரு முறைப்பாடு. உங்கள் குரலைச் செயலிக்குள் எடுத்துக்கொள்ள நீங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்பது ஒரு காரணம். புதிதாக ஏற்றியபோது ஏதோ கேட்டது, பயந்து "வேண்டாம்" என்று அழுத்தியிருப்பீர்கள். செட்டிங்கிலே அப்ஸ் என்னும் பகுதியைத் திறந்து, அந்தச் செயலியின் பெயரை அழுத்தி, பெர்மிஷன் என்னும் இடத்திலே மைக்ரோபோனை அனுமதிக்க வேண்டும். முகம் தெரியாவிட்டால் கமெராவையும் பார்க்க வேண்டும். அனுமதி சரியாக இருந்தும் கேட்கவில்லையா? தொலைபேசியின் அடிப்பக்கத்திலே ஊசித்துளை போல ஒரு துளை இருக்கும். அதுதான் அதன் காது. நம் ஊர் மணலும் கடற்காற்றின் உப்பும் மீன் வெட்டிய கையும் அதனை அடைத்துவிடும். புதிதாக வாங்கிய உறையே அதனை மூடியிருந்ததையும் கண்டோம். ஊசியை விட்டுக் குத்த வேண்டாம்; மெல்லிய தூரிகை போதும். துளையா அனுமதியா என்று அறிய எளிய வழி, சிம்மிலே சாதாரண அழைப்பு ஒன்று எடுப்பது. அதிலே உங்கள் குரல் கேட்டு, செயலியிலே கேட்காவிட்டால் அனுமதிதான். இரண்டிலும் கேட்காவிட்டால் துளை, அல்லது யந்திரம்.

"செயலியைத் திறந்து வைத்திருந்தால் மணி அடிக்குது, மூடினால் அடிக்குதில்லை" என்பது மற்றொரு முறைப்பாடு. இது பற்றரியைச் சேமிக்கும் ஏற்பாட்டின் வேலை. மலிவான தொலைபேசிகள் பல, பற்றரி நெடுநேரம் நிற்க வேண்டும் என்று, திரைக்குப் பின்னால் இருக்கும் செயலிகளை உறங்கச் செய்துவிடும். உறங்குகின்றவன் கதவு தட்டுவதைக் கேட்பானா? பற்றரிப் பகுதியிலே அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாடு வேண்டாம் என்று குறிக்க வேண்டும். டேட்டா சேவர் என்பதும் இதே தீங்கைச் செய்யும். 2022இல் வந்த ஆண்ட்ராய்ட் 13 முதல், அறிவிப்புக் காட்டுவதற்கும் தனி அனுமதி கேட்கப்படுகின்றது. அதனையும் மறுத்திருந்தால் மணியும் இல்லை, அடையாளமும் இல்லை.

திகதியும் நேரமும் பிழையாக இருந்தாலும் செயலி இணையாது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. இரு பக்கமும் தம்மை உண்மையானவர் என்று காட்டிக்கொள்ளும் சான்றுகளுக்கு ஆரம்ப நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் தொலைபேசி தன்னை 2012இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால் அந்தச் சான்று செல்லாது. தொலைபேசி மிகப் பழையதாயின் வேறொரு தடை: 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து, ஆண்ட்ராய்ட் 5.0க்கு முந்தியவற்றை வட்ஸ்அப் கைவிட்டுவிட்டது. அதற்கு மருந்து இல்லை.

இன்னுமொன்று, வீபீஎன். நம் நாட்டிலே 2018 மார்ச்சில் கண்டிப் பகுதி வன்செயல்களின்போது ஏறத்தாழ ஒரு வாரமும், 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னர் ஏப்ரல் 30 வரையும், 2022 ஏப்ரல் 3ஆந் திகதி ஒரு பகற்பொழுதும் இந்தச் செயலிகள் அரசினால் அடைக்கப்பட்டன. அப்பொழுது இளைஞர் பலர் வீபீஎன் ஏற்றினார்கள். தடை போயிற்று, வீபீஎன் போகவில்லை. இன்றும் சில தொலைபேசிகளிலே அது ஓடிக்கொண்டிருக்க, அடுத்த வீட்டுக்குப் போகும் குரல் எந்த நாட்டையோ சுற்றிக்கொண்டு போகின்றது. பிறகு வெட்டாமல் என்ன செய்யும்?

இரண்டாவது துறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரையின் கீழே கவரேஜ் குறையும், முற்றத்துக்கு வாருங்கள். இரவு ஏழு மணிக்குப் பின்னர் எல்லாரும் ஒருங்கே பேசுவதால் கோபுரம் நெருக்கடியாகும். வெருகல் திருவிழாவிலே தெருவில் நடக்க இடமில்லாதது போல. விமானப் படம் போட்ட பொத்தானைப் போட்டுப் பத்து விநாடி கழித்து எடுத்தால் தொலைபேசி கோபுரத்தைப் புதிதாகத் தேடும். ரீலோட் போடும்போது கடைக்காரர் தரும் மலிவுப் பொதிகளின் நிபந்தனையை வாசியுங்கள். செய்திக்கு மட்டும் இடங்கொடுத்து அழைப்புக்கு வேறு கணக்கு வைக்கும் பொதிகளும் இருக்கக்கூடும். மின்சாரம் நின்றால் கோபுரம் பற்றரியிலே சில மணி நேரமே ஓடும். 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் வந்தபோது நாட்டின் பல பகுதிகளிலும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் சேர்ந்தே போனதை மறந்திருக்க மாட்டீர்கள்.

மூன்றாவது துறை கடலுக்கு அடியிலே இருக்கின்றது. இதனை வானத்திலிருந்து வரும் குரல் என்று நினைப்பவர்கள் பலர். உண்மையிலே குவைத்திலிருந்தும் தோகாவிலிருந்தும் வரும் குரலைப் பெரும்பாலும் கடலடியிலே கிடக்கும் கண்ணாடி இழைக் கம்பிகளே சுமந்து வருகின்றன. துறைமுகத்தோடு வாழும் நமக்கு நங்கூரம் புதிதன்று. 2004 ஓகஸ்ட்டிலே கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கம்பியைச் சேதப்படுத்த, இலங்கையின் வெளிநாட்டுத் தொடர்பின் பெரும்பகுதி துண்டிக்கப்பட்டது. 2008 ஜனவரி இறுதியிலே அலெக்சாந்திரியாக் கடலிலும், 2025 செப்ரெம்பரில் செங்கடலிலே ஜித்தா அருகிலும் கம்பிகள் அறுந்தபோது, ஆசியாவுக்கும் வளைகுடாவுக்கும் இடையே இணைப்பு மந்தமாயிற்று. இவற்றுக்கு நாம் செய்யக்கூடியது காத்திருப்பதுதான். காத்திருக்க வேண்டிய நேரம் இது என்று தெரிந்துகொள்வதே பெரிய பயன்.

நான்காவது துறைதான் நாம் இங்கே வந்ததற்கு முக்கியமான காரணம். இளைஞர்கள் இதனைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

வளைகுடா நாடுகள் சிலவற்றிலே இணையவழி அழைப்பு, அனுமதி பெற்ற கம்பெனிகளின் வழியாக மட்டுமே நடக்கலாம் என்று சட்டம் வகுத்திருந்தார்கள். ஐக்கிய அரபு இராச்சியம் இதிலே மிக உறுதியாக நின்ற நாடு. அங்கே வட்ஸ்அப்பிலே செய்தி போகும், படம் போகும், குரற்செய்தியும் போகும். நேர் அழைப்பு மட்டும் அடைபடும். 2017 இறுதியிலே ஸ்கைப்பும் அங்கே அடைபட்டது. மாறாக, பொட்டிம் என்பது போன்ற அனுமதி பெற்ற செயலிகள் அங்கே உண்டு. சவுதி அரேபியா 2017 செப்ரெம்பரிலே பொதுத் தடையை நீக்கியது. ஆயினும் சில செயலிகளின் அழைப்பு அதன் பின்னும் நெடுநாள் அடைபட்டே இருந்தது. ஆகவே துபாயிலோ சார்ஜாவிலோ இருக்கும் அக்காவின் அழைப்பு, எடுத்தவுடன் "கனெக்டிங்" என்று நின்று அறுகின்றதென்றால், இங்கே நீங்கள் எத்தனை தொலைபேசி மாற்றினாலும், அங்கே அவர் திருத்தும் கடைக்கு எத்தனை திர்ஹாம் கொடுத்தாலும், பயன் இல்லை.

இந்த இடத்திலே நம் கெட்டிக்காரத் தம்பிமார் ஒரு வழி சொல்வார்கள்: "அக்கா, ஒரு வீபீஎன் போடுங்கோ." இங்கே திண்ணையில் இருந்துகொண்டு சொல்லும் அந்த வார்த்தைக்கு அங்கே விலை என்ன தெரியுமா? குற்றம் செய்வதற்காகவோ அதனை மறைப்பதற்காகவோ வீபீஎன் மூலம் முகவரியை மாற்றினால் ஐந்து இலட்சம் முதல் இருபது இலட்சம் திர்ஹாம் வரை தண்டம் விதிக்கலாம் என்று அந்நாடு 2016இலே சட்டத்தைத் திருத்தியது. ஒவ்வொருவரையும் பிடித்துத் தண்டிக்கின்றார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் வேலைக்காரப் பெண்ணின் மீது குற்றம் காட்ட ஒரு சாட்டுத் தேடுபவர் எங்கும் உண்டு. அந்தச் சாட்டை நாமே எடுத்துக் கொடுக்கக்கூடாது. அந்நாட்டிலே எது அனுமதிக்கப்பட்டிருக்கின்றது என்று அவரையே கேட்டு, அதே செயலியை இங்கே உங்கள் தொலைபேசியில் ஏற்றுங்கள். இரண்டு பக்கத்திலும் அது இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் ஏற்றிவிட்டு "வேலை செய்யுதில்லை" என்பவர்களையும் கண்டிருக்கின்றோம். அதுவும் முடியாவிட்டால் குரற்செய்தி இருக்கின்றது. பழைய ஒலிநாடாவை விட அது விரைவானதுதானே.

எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. நம் எண்ணை 077 என்று எழுதி வைத்தால் வெளிநாட்டிலிருந்து செயலி அதனை அறியாது. முன்னால் உள்ள பூச்சியத்தை விட்டு, கூட்டற் குறியோடு 94 சேர்க்க வேண்டும். அவ்வாறே குவைத்துக்கு 965, சவுதிக்கு 966, ஓமானுக்கு 968, ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு 971, கட்டாருக்கு 974. சிம்மை மாற்றுகின்றவர்கள், பழைய எண் கையிலே இருக்கும்போதே, வட்ஸ்அப்பிலுள்ள எண் மாற்றும் பகுதிக்குப் போய்ப் பழையதையும் புதியதையும் கொடுத்தால், குழுக்களும் கூடவே வரும், வீட்டாருக்கும் அறிவிக்கலாம். இதைச் செய்யாமல் விட்ட பழைய எண், சில காலத்துக்குப் பின் வேறொருவர் கைக்குப் போகக்கூடும். அப்பொழுது மகளென்று நினைத்து அம்மம்மா யாரோ ஒருவரோடு பேசிக்கொண்டிருப்பார்.

செயலியை அழித்தவரின் கதையைப் பின்பு சொல்வதாகச் சொன்னோம். அழைப்பு வரவில்லை என்றால் "அழிச்சிட்டு ஏத்துங்கோ" என்பது எல்லார் வாயிலும் வரும் முதல் ஆலோசனை. அதனை நாம் கடைசி ஆலோசனையாகவே வைப்போம். முன்னமே காப்புப்பிரதி எடுத்து வைக்காவிட்டால் பழைய செய்திகள் யாவும் போய்விடும். அந்த அன்பர் அழித்ததோடு, அதற்கு முந்திய வருடம் காலமான அவருடைய தகப்பனாரின் குரற்செய்திகளும் போயின. சந்தைக்குப் போகும்போது என்ன வாங்கி வர வேண்டும் என்று மகனுக்குச் சொன்ன சாதாரணச் செய்திகள் தாம். அவை மீளவில்லை. செட்டிங்கிலே சட்ஸ் என்னும் பகுதியில் பாக்அப் என்று ஒன்று இருக்கின்றது. இன்றிரவே அதனை அழுத்துங்கள்.

மறுபடி ஏற்றும்போது ஆறு இலக்கம் ஒன்று வரும். அதனை உங்களிடம் கேட்பவர் யாராக இருந்தாலும் கொடுக்க வேண்டாம். "அண்ணை, தவறி உங்கட நம்பருக்கு வந்திட்டுது, ஒருக்கால் சொல்லுங்கோ" என்று கேட்பான். சொன்ன மறுநிமிடம் உங்கள் பெயரிலே உங்கள் உறவினரிடம் காசு கேட்பான்.

இளைஞர்களிடம் ஒரு குறை சொல்லவேண்டியிருக்கின்றது. பெரியவர் ஒருவர் தொலைபேசியை நீட்டி "தம்பி, இதொருக்காப் பாரன்" என்றால், நீங்கள் அதனைப் பறித்து, விரலால் நாலு தட்டுத் தட்டி, "இப்ப சரி" என்று திருப்பிக் கொடுக்கின்றீர்கள். என்ன செய்தீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. அடுத்த முறை கேட்க வெட்கப்படுவார். வெட்கத்தால் கேட்காமல் விட்டுத்தான் மூன்று வாரம் கழிந்தது அந்த வீட்டிலே. அவர் விரலாலேயே அவர் அழுத்தட்டும். நீங்கள் பக்கத்திலே இருங்கள். பெரியோர்களுக்கும் ஒன்று: "எடுக்கவில்லை" என்று சொல்லுமுன் திரையிலே இருந்தது "கோலிங்"கா "ரிங்கிங்"கா என்று பாருங்கள்.

எல்லாத் துறையையும் பார்த்து, எங்கும் தடையில்லை என்று கண்டும் வெளிநாட்டிலிருப்பவரின் குரல் வரவில்லை என்றால், அப்பொழுது அது தொலைபேசியின் குற்றமன்று. தொலைபேசியைப் பறித்து வைத்துக்கொள்ளும் எசமானர் உண்டு, நோய் உண்டு, விபத்து உண்டு. வாரக்கணக்கில் கோபித்துக்கொண்டு இருக்க வேண்டாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்னும் எண்ணுக்குச் சாதாரண அழைப்பு எடுங்கள். கடவுச்சீட்டு இலக்கமும், அங்குள்ள எசமானரின் பெயரும் முகவரியும் கையிலே இருக்க வேண்டும். இவற்றை ஒரு கொப்பியில் எழுதிச் சாமியறையிலே வைத்திருக்கும் வீடு நம் ஊரிலே எத்தனை என்று தெரியவில்லை. தொலைபேசிக்குள் எழுதி வைத்தால் போதாது. தண்ணீரில் விழுந்த தொலைபேசியின் கதையைத்தான் கேட்டீர்களே.

பேச்சு நீண்டுவிட்டது. முன்வரிசைப் பெரியவர் இப்பொழுது தம் தொலைபேசியை எடுத்து மடியில் வைத்திருக்கின்றார். அவருடைய மகன் கட்டாரிலே இருக்கின்றார் என்று அறிகிறோம். பிரசாதம் வழங்கியதும் மண்டப விறாந்தையிலே நாமும் மன்றத்து இளைஞர் நால்வரும் இருப்போம். தொலைபேசியையும் பிள்ளைகளின் எண்களை எழுதிய தாளையும் கொண்டு வாருங்கள். பற்றரி இறங்கியவர்கள் சார்ஜரையும் கொண்டு வருவது நல்லது. இங்கே ஒன்றுதான் இருக்கின்றது.